வாய் தெரியும் தூரம்

"அப்பா! கண்டிக்குப் போவமா? கண்டிக்கு!"

டயனா கட்டிலில் முழங்கையை ஊன்றி, அப்பாவின் காதுக்குள்ளேயே வாயை வைத்துக் கத்தினாள். கத்தி முடித்ததும் தலையைத் திருப்பி, தன் காதை அவருடைய உதட்டருகே கொண்டுபோனாள். உதடுகள் அசைவது கன்னத்தில் உரசியது. சத்தம் இல்லை. கழுத்தில் பொருத்தியிருந்த குழாய் வழியாக மூச்சு மட்டும் இரைந்து போய்வந்தது.

"என்னாடி சொல்றாரு?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா."

"ஆமாங்கிறாரா, இல்லங்கிறாரா?"

"தெரியலங்கிறேன்ல!"

மரியாயி கையைச் சேலையில் துடைத்தபடி வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து மேலே தூக்கி எறிவாள்; அது பள்ளத்தைத் தாண்டிப்போய் அந்தப் பக்கம் விழும். தோட்டத்தை விட்டு அலுவிகாரையில் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாகியும் குரல் சுருங்கவில்லை. அவள் கூப்பிட்டால் ரோட்டில் லொறிக்காரன் வேகத்தைக் குறைப்பான்.

"இந்தாங்கஅஅ! புள்ள கேக்குறா! கண்டிக்குப் போறீங்களாஆஆ?"

செபஸ்தியன் கண்களை மூடிக்கொண்டார்.

டயனா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டரை. நாலு மணிக்கு அம்புலன்ஸ் வந்துவிடும்.

அப்பாவின் குரல்வளையை வெட்டி எடுத்து ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல். ஐந்து கிழமை வார்டில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்த பிறகுதான் நோய் இன்னும் கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. வியாழக்கிழமை வரை கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார், காற்றாடி கேட்டார். அதன் பிறகு கையும் ஓய்ந்துவிட்டது. எழுதிக் காட்டலாம் என்றால், தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவதற்கு மேல் அவருக்கு எழுத்து தெரியாது.

தம்பி ஜெயகாந்த் கொழும்பிலிருந்தபடியே கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் பிடித்திருந்தான். வயிற்றில் ஒரு குழாய் வைத்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் கிடைக்கலாம். அந்த டொக்டரோடு காலையில் டயனா பேசினாள். "கூட்டிக்கிட்டு வாங்க, பார்ப்போம். அதுக்கு முந்தி அவருக்கு விருப்பமான்னு கேட்டுருங்க" என்றார் அவர். ஒரு சாதாரணப் பேச்சாகத்தான் சொன்னார். அதுதான் டயனாவைப் பிடித்துக்கொண்டது. மாத்தளைத் தபால் கந்தோரில் இருபது வருஷமாக ஆயிரம் பேருடைய விலாசத்தை விளங்கிக்கொள்கிறவளுக்கு, அப்பாவிடமிருந்து ஒரு ஆமா, ஒரு இல்லை வாங்க முடியவில்லை.

ஆனால் அவர் எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார். மூன்று நாளாக. அம்மாவோ அவளோ குனியும்போதெல்லாம் அந்த உதடுகள் ஒரே மாதிரித்தான் அசைந்தன. தண்ணீரா என்று கேட்டார்கள். தலையணையா, கக்கூஸா, தம்பியைப் பார்க்கணுமா? வெள்ளிக்கிழமை பங்குச் சுவாமியாரைக் கூட்டிவந்தார்கள். நெற்றியில் எண்ணெய் பூசி, ஜெபம் சொல்லி முடித்து, சுவாமியார் அன்பாகக் குனிந்தார். அவரிடமும் அதே உதட்டசைவு.

ஒரு மணிக்கு இத்ரூஸ் வந்தார். உக்குவளையிலிருந்து பஸ். கையில் ஒரு பை நிறைய பேக்கரிப் பணிஸ்.

"திங்க ஏலாதுன்னு தெரியும் மகள். வெறுங்கையோட வரக் கூச்சமா ஈந்திச்சு."

எல்கடுவைக்கு மேலே இருந்த தோட்டத்து ஃபெக்டரியில் அவர் எஞ்சின் மெக்கானிக்காக வேலை செய்தவர். தோட்டத்தில் ஃபெக்டரி என்று யாரும் சொல்வதில்லை, ஸ்டோர்தான். அந்த ஸ்டோரில் கொழுந்தை நசுக்கி உருட்டும் ரோலர்களுக்கு நடுவில் அப்பா முப்பத்தைந்து வருஷம் நின்றார். அதில் இருபத்தாறு வருஷம் இத்ரூஸும் கூட இருந்தார்.

"வாங்க மாமா. கிட்ட வந்து பேசுங்க. காதுகிட்ட கொஞ்சம் சத்தமா..."

இத்ரூஸ் கிட்ட வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். லொறித் தூசிக்காகப் பாதி சாத்தியிருந்த ஜன்னல். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்ற மரியாயி. கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த மனிதர். கையை நீட்டிச் சுவரிலிருந்த சுவிச்சை இரண்டு தடவை போட்டு அணைத்தார். மூன்றாம் தடவை போட்டு அப்படியே விட்டார்.

செபஸ்தியன் கண்ணைத் திறந்தார்.

இத்ரூஸ் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். சத்தமே வரவில்லை. புருவம் ஏறியது, தாடை இறங்கியது, கன்னம் குழிந்தது, உதடு குவிந்து விரிந்தது. முகம் முழுவதும் சேர்ந்து ஒரு வாக்கியத்தைச் சொன்னது.

அப்பாவின் முகம் அதற்குப் பதில் சொன்னது.

எவ்வளவு வேகம்! காய்ந்து கிடந்த அந்த உதடுகளா இவை? அவர் சொல்லச் சொல்ல இத்ரூஸ் தலையை ஆட்டினார். நடுவில் எதையோ திருப்பிக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டு ஓவென்று சிரித்தார்.

"மாமா, என்ன சொல்றாரு?"

"இரு மகள், அவன் முடிக்கட்டும். மூணு நாள் சரக்கு ஈக்கி."

முடிந்தது. இத்ரூஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல, பல்பை அணைக்க வாணாமாம். ரெண்டாவது, ஒங்க ரெண்டு பேரையும் தள்ளி நிக்கட்டாம்."

"தள்ளியா?"

"மூணு நாளா அதைத்தான் சொல்றானாம். தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு. சொல்லச் சொல்ல கிட்டக் கிட்ட வாறீங்களாம். சாமியாரும் அப்பிடித்தானாம்."

டயனாவுக்கு முகம் சுட்டது. அம்மாவுக்கு வேறு மாதிரி.

"நாப்பத்தஞ்சு வருசமா நான் தள்ளித்தான நிக்கிறேன்! இன்னும் எங்க போயி நிக்கணுமாம்? நாவுலை டவுன்லயா?"

"ஒங்களுக்குக் கோவம் வரும்னும் சொன்னான் தங்கச்சி." இத்ரூஸ் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தார். "மகள், அந்தப் பக்கம் பிடி. கட்டிலை இப்பிடித் திருப்புவோம். ஜன்னல் பக்கவாட்டுல வரணும். அப்பதான் ரெண்டு பேர் மூஞ்சியிலயும் வெளிச்சம் விழும்."

பிடித்துத் திருப்பினார்கள்.

"நீ ஒன் வாயை அவன் காதுல வச்சா, அவன் எதைப் பார்ப்பான்? ஒன் காதை அவன் வாயில வச்சா, நீ எதைப் பார்ப்ப?"

"அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்தான் மாமா, அதான் கத்தினேன்."

இத்ரூஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கொஞ்சமா? எனக்கு அரைக் காது போச்சு. அவனுக்கு முப்பது வருசத்துக்கு முந்தியே கொறைஞ்சிச்சு, சுத்தமா போயி இருவது வருசமாச்சு. வீட்டுல சொல்லலியா?"

மரியாயி டயனாவைப் பார்த்தாள்.

டயனாவுக்குத் தோட்டத்து லயத்து வீடு ஞாபகம் வந்தது. ராச்சாப்பாட்டு நேரம், சிமினி விளக்கு. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நாள் கதை முழுவதையும் பேசுவாள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். 'இந்த மனுசனுக்கு எதுலயும் அக்கறையில்ல' என்று அம்மா முடிப்பாள். அப்பா பேச்சுக் குறைந்த ஆள் என்றுதான் பிள்ளைகள் இரண்டு பேரும் சொல்லி வளர்ந்தார்கள்.

"பேச்சுக் குறைஞ்ச ஆளா, இவனா?" இத்ரூஸ் பணிஸ் ஒன்றைத் தானே எடுத்துப் பிய்த்தார். "ஸ்டோர்ல இவன மாதிரி வாயாடி இல்ல மகள். எட்டு ரோலரும் ஓடுது. காதுக்குள்ள துப்பாக்கி வெடிச்சாலும் கேக்காது. இவன் அந்தத் தொங்கல்ல நின்னு கதை சொல்லுவான், நாங்க இந்தத் தொங்கல்ல வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிப்போம். தொரை நடுவுல நிப்பாரு. அவரப் பத்தித்தான் கதை. அவருக்குத் தெரியாது, பாவம்."

டயனா அப்பாவைப் பார்த்தாள். அவர் இத்ரூஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையை மறுபடியும் கேட்கிற ஆளுடைய கண்கள். தொரை என்ற சொல் வந்த இடத்தில் சரியாக அவர் உதட்டோரம் ஏறியது.

நாற்பத்து மூன்று வயதில் டயனா தன் அப்பா சிரிக்கப் பேசுவதை முதல் தடவையாகப் பார்த்தாள்.

"கண்டி விசயத்தை நானே கேட்டுச் சொல்லட்டா?" என்றார் இத்ரூஸ்.

"இல்ல மாமா. நீங்க கேட்டா அது நீங்க சொன்னதா போயிரும். தம்பி நம்ப மாட்டான்." கட்டிலைப் பார்த்தாள். "நானும் நம்ப மாட்டேன்."

கட்டிலின் கால்மாட்டிலிருந்து இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள். சுவர் முதுகில் இடித்தது. "அப்பா" என்றாள்.

"சத்தத்தை வுடு. சத்தம் போட்டா வாய் கோணிரும்."

சத்தத்தை விடுவது அவ்வளவு லேசாக இல்லை. தொண்டையைப் பூட்ட வேண்டியிருந்தது. 'கண்-டி-க்-குப் போ-வ-மா' என்று ஒவ்வோர் எழுத்தாக வாயை அகலத் திறந்து சொன்னாள்.

அப்பாவின் வாய் சுருக்கமாக ஏதோ சொன்னது. இத்ரூஸ் இருமினார்.

"என்ன?"

"மூணாம் வகுப்பு டீச்சர் மாதிரி ஈக்கியாம். துண்டு துண்டா வெட்டாத மகள், அது மீனில்ல. பேசுற மாதிரியே பேசு, கொஞ்சம் ஆறுதலா, மெதுவா. விசயத்தை மொதல்ல போடு, மிச்சத்தைப் பின்னாடி போடு. அவன் சொன்னா நீ திருப்பிச் சொல்லணும். அதான் ஸ்டோர்ல சட்டம். திருப்பிச் சொல்லாம சுவிச்சுல கை வச்சா, இன்னொருத்தன் கை ரோலருக்குள்ள போயிரும்."

டயனா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

'கண்டி' என்றாள், சத்தமில்லாமல்.

அப்பா கண்ணைச் சிமிட்டினார்.

'ஆஸ்பத்திரி. இன்னைக்கு. போவமா?'

அப்பா அவளுடைய முகத்தையே பார்த்தார், ஏதோ வெகுநாள் காணாத ஒன்றைப் பார்ப்பது போல. பிறகு கீழுதடு மேற்பல்லில் பட்டு விரிந்தது, மூடியது. வேணாம். அவள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, தானாகவே தெரிந்தது. இந்த முகம் சின்ன வயதிலிருந்து அவளிடம் பேசியபடிதான் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில், மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று, இருநூறு தலைகளுக்கு மேலால் மேடையிலிருந்த அவளிடம் அகல வாய் திறந்து எதையோ சொன்னார். கூட இருந்த பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

'வேணாம்' என்று திருப்பிச் சொன்னாள். 'ஏன்?'

அவர் சொன்னார். அவள் துண்டு துண்டாகப் பிடித்துத் திருப்பிச் சொன்னாள். தவறினால் அவர் வேறொரு சொல்லைப் போட்டார். அதுவும் தவறினால் இன்னொன்று. பொறுமையாக, களைக்காமல், அவள் எந்தச் சொல்லில் வந்து நிற்பாளோ அந்தச் சொல்லைத் தேடித் தேடி எடுத்து நீட்டினார்.

'ஆஸ்பத்திரியில... எல்லாரும்... எல்லாரும் என்னப்பா?'

உதடுகளை இறுக்கி மூடிக்காட்டினார். கண்ணால் கீழே, தன் வாயைக் காட்டினார்.

'மாஸ்க்கா?'

சிமிட்டினார்.

அதற்குப் பிறகு சொன்னதை டயனா இரண்டு தடவை கேட்டாள். இரண்டாம் தடவை அவளையறியாமல் சத்தமாகவே திருப்பிச் சொன்னாள்.

"அஞ்சு கிழமை. ஒரு மனுசர் பேசி நான் பார்க்கல."

மரியாயி கையிலிருந்த துவாயை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை விரித்து மறுபடி மடித்தாள்.

இரண்டரை மணிக்கு டயனா கைபேசியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"அம்புலன்ஸ் வேணாம்னு சொல்லிரு."

"என்னக்கா சொல்ற? எவ்வளவு கஷ்டப்பட்டு எடம் எடுத்தேன் தெரியுமா?"

"அப்பா வேணாங்கிறாரு."

"அவருக்குத்தான் கொரலே இல்லியே. எப்பிடிச் சொன்னாரு?"

"சொன்னாரு. நான் பார்த்தேன்."

"பேச்சைப் பார்த்தியா? ஒனக்கு என்ன, பைத்தியமா?"

"வந்து பாரு. இப்பவே வா. வந்து கட்டில் மேல விழுந்து அழாத. தள்ளி நின்னு பேசு, அவருக்கு ஒன் மூஞ்சி தெரியணும்."

"சரி, அம்புலன்ஸ நிப்பாட்டுறேன். நாளைக்கு ஊரு கேக்கும், ஏன் கொண்டு போகலன்னு. நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள். இனி எவ்வளவு நாளோ, அவ்வளவுக்கும் அவள்தான் பொறுப்பு.

நாலு மணி பஸ்ஸுக்கு இத்ரூஸ் எழுந்தார். வாசற்படியில் நின்று திரும்பி, அவரும் அப்பாவும் சிறிது நேரம் சத்தமில்லாமல் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று டயனா கேட்கவில்லை, இத்ரூஸ் சொல்லவும் இல்லை. பையை மறந்துவிட்டுப் போனார்.

துவாயை மடித்து வைத்துவிட்டுப் போன மரியாயி அதன் பிறகு அந்த அறைக்குள் வரவில்லை. தேங்காய் துருவினாள். துருவி முடித்து இன்னொன்றைத் துருவினாள். ஐந்தரைக்கு டயனா அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, ஒங்களக் கூப்பிடுறாரு."

"நீயே பேசு. எனக்கு அதெல்லாம் வராது. எனக்குத் தெரிஞ்சது கத்துறதுதான்." தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தாள். "ஸ்டோருக்காரங்க பேச்சு மலைக்காரிக்கு எங்க வெளங்கப் போகுது?"

"ஒங்களத்தான் வேணுமாம்."

"என்னாத்தைப் பேச? நாப்பத்தஞ்சு வருசம் அந்தாளு காதுல விழாமலே பேசியிருக்கேன். இப்ப புதுசா என்னாத்தைப் பேச?"

"அதைத்தான் பேசுங்க."

மரியாயி வந்து சுவரோரம் நின்றாள். பல்பு வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்தது. கூச்சத்தில் சேலைத் தலைப்பு தானாக வாய்க்கு ஏறியது. டயனா அதை இறக்கிவிட்டாள். முதல் சொல்லே குரலோடு வெடித்து வந்தது. மரியாயி பதறிப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"சிரிக்காதீங்க" என்றாள் மரியாயி. அதில் சத்தம் இல்லை.

அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தொடர்ந்து பேசினாள்.

அப்போது மழை பிடித்தது. மாத்தளை மழை முன்னறிவிப்புச் செய்வதில்லை. தகரக் கூரையில் ஒரேயடியாகக் கல்லைக் கொட்டியது போல இறங்கியது. டயனா அடுப்படிக்கு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். கேத்தல் கொதித்து மூடி ஆடியது, சத்தம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஸரீனா முற்றத்துத் துணியை அள்ளிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவது தெரிந்தது, அதுவும் கேட்கவில்லை. இந்தக் குறுகலான ஒழுங்கையின் வீடுகள் முழுவதும் யாரும் யாரோடும் பேச முடியாத மழை.

தேநீரோடு திரும்பியவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவில், ஊரில் வேறு எவராலும் முடியாததை, ஒரு பல்பு வெளிச்சத்தில் அவர்கள் இரண்டு பேரும் செய்துகொண்டிருந்தார்கள். அம்மா சொன்னாள். அப்பா ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னார். அம்மா இல்லை என்று தலையாட்டி வேறு மாதிரிச் சொன்னாள். அப்பாவுக்குப் பிடிபட்டது. குரல் இல்லாத அம்மாவின் முகத்தை டயனா இதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் குரல் இத்தனை காலமும் இந்த முகத்துக்கு முன்னால் வந்து நின்று அதை மறைத்திருக்கிறது. புருவம் இரண்டும் எவ்வளவு பேசுகின்றன. கன்னத்தில் ஒரு குழி விழுந்து எழுகிறது.

டயனாவுக்கு எல்லாம் விளங்கவில்லை. விளங்கப் பார்ப்பது சரியில்லை என்றும் பட்டது. ஆனாலும் கண் போனது. ஸரீனாவின் கோழி. நம் விறகு அடுக்குக்குள் வந்து முட்டை இட்டிருக்கிறது. ஸரீனா வந்து தன் முட்டை என்கிறாள். கோழி உன்னுடையது, விறகு என்னுடையது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். போன மாதக் கதை. அப்பா வார்டில் இருந்த நாளில் நடந்தது. அம்மா ஸரீனாவாக மாறி இடுப்பில் கைவைத்தாள். கோழியாக மாறிக் கழுத்தை நீட்டினாள். அப்பா அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தேநீரை மேசையில் வைக்க டயனா குனிந்தாள். நிமிர்ந்தபோது, அப்பாவின் கழுத்துக் குழாயின் வாயில் போட்டிருந்த மெல்லிய துணி அசையாமல் இருந்தது. அது உள்ளே குழிந்து வெளியே எழும் என்று காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்பாவின் கண்கள் திறந்தே இருந்தன, அம்மாவைப் பார்த்தபடி. வலியின் சுருக்கம் ஒன்று மூன்று நாளாக நெற்றியில் இருந்தது. இப்போது அது இல்லை.

ஓர் எட்டு எடுத்து வைத்தாள். அடுத்த எட்டை வைக்கவில்லை.

மழை குறையவில்லை. சுவரோரம் மரியாயி, சத்தமே இல்லாமல், வெளிச்சத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு விரலைக் குவித்து முட்டை எவ்வளவு பெரிது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.